கோதாவரி எங்கே இருப்பாள்?

அம்மாவிடம் ஒரு நீல நிற ட்ராலி பெட்டி இருக்கிறது. அப்பா போன பிறகு அண்ணன் வாங்கிக் கொடுத்தது. மூன்று வருடமாக அது முழுதாகக் காலியானதே இல்லை. பெங்களூரில் அண்ணன் வீட்டில் நான்கு மாதம், சென்னையில் என் வாடகை வீட்டில் இரண்டு மாதம், நடுவில் கும்பகோணத்தில் பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டைத் திறந்து ஒட்டடை அடிக்கப் பதினைந்து நாள். எங்கே போனாலும் மேலாக இருக்கும் நாலு புடவையை மட்டும் எடுத்து வெளியே வைப்பாள். பெட்டியின் அடியில் என்ன இருக்கிறதென்று நான் பார்த்ததில்லை.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். எனக்கு இந்த வீடு கிடைத்ததே அம்மாவால்தான். முப்பத்தோரு வயது, கல்யாணம் ஆகவில்லை, தனியாக இருக்கப் போகிறேன் என்று சொன்ன இடத்திலெல்லாம் வீட்டுக்காரர்கள் முகம் மாறியது. ஆறாவது வீட்டுக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். “அம்மா கூட இருப்பாங்கன்னா சரிம்மா” என்றார் அந்தப் பெரியவர். அம்மாவும் தலையை ஆட்டினாள். வீட்டுக்குள் போய் முதலில் சமையலறையைத்தான் பார்த்தாள், குழாயைத் திருகி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் ‘சம்சாரம் அது மின்சாரம்’ ஓடியது. இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். கல்லூரிக் காலத்திலிருந்தே நான் உமா கட்சி. அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றி ஃபேஸ்புக்கில் ஆவேசமாக ஒரு பதிவுகூட எழுதியிருக்கிறேன். இந்தத் தடவையும் உமா பேசி முடித்ததும் கைதட்டப் போனேன். அம்மா பட்டாணி உரித்துக்கொண்டே சொன்னாள்: “எல்லாம் சரிதான். அந்த அம்மாவை யாரும் ஒண்ணும் கேக்கலையே.”

எந்த அம்மா என்று புரியவே எனக்கு ஒரு நிமிடம் ஆனது. கோதாவரி. இந்தக் கட்டுரை அந்த ஒரு நிமிடத்திலிருந்து தொடங்குகிறது.

*

1986, 1988, 1989. அடுத்தடுத்து வந்த மூன்று தமிழ்ப் படங்கள்: விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’, பாலு மகேந்திராவின் ‘வீடு’, அவருடைய ‘சந்தியா ராகம்’. முதல் படம் ஏவி.எம். தயாரிப்பு, பெரிய வெற்றி, சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. மற்ற இரண்டும் நட்சத்திரங்களோ பாட்டோ இல்லாத சின்னப் படங்கள். இவற்றை யாரும் ஒரே வரிசையில் வைத்துப் பேசுவதில்லை. விசுவைப் பற்றிப் பேசினால் பட்டிமன்றத் தொனி வந்துவிடும், பாலு மகேந்திராவைப் பற்றிப் பேசினால் ஒளிப்பதிவுக்குப் போய்விடுவோம். ஆனால் மூன்று படத்துக்கும் கேள்வி ஒன்றுதான். வளர்ந்த மனிதர்கள், வேறு வேறு வயதில் இருப்பவர்கள், யார் யாரோடு இருப்பது? யார் காசில்? எந்த அறையில்?

நம் ஊரில் இந்தக் கேள்வி உடனே ‘கூட்டுக்குடும்பமா, தனிக்குடித்தனமா’ என்று பண்டிகை நாள் பட்டிமன்றத் தலைப்பாகச் சுருங்கிவிடுகிறது. அந்தத் தலைப்பில் இரண்டு கட்சிதான் உண்டு: மகன் கட்சி, அப்பா கட்சி. மருமகளுக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கும். இந்த மூன்று படங்களையும் அந்தப் பட்டிமன்றத்திலிருந்து வெளியே எடுத்துப் பார்க்க முடிந்தால், அவை கேட்டதும் கேட்காமல் விட்டதும் தெரியும்.

*

‘சம்சாரம் அது மின்சாரம்’ கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அம்மையப்ப முதலியார் குமாஸ்தா சம்பளத்தில் குடும்பத்தை ஓட்டுகிறவர். மூத்த மகன் சிதம்பரம் நன்றாகச் சம்பாதிக்கிறான், ஒவ்வொரு பைசாவுக்கும் கணக்கு வைக்கிறான். மனைவி உமா பிரசவத்துக்குத் தாய்வீடு போனதும், வீட்டில் ஒரு வாய் குறைந்துவிட்டது, அதனால் தான் தரும் பணத்தையும் குறைத்துக்கொள்கிறேன் என்கிறான். அப்பாவுக்கு ரோஷம் வருகிறது. பேச்சு முற்றி, வீட்டுக்கு நடுவில் கோடு விழுகிறது.

அந்தக் கோடு இன்றைக்கு மீம். ஆனால் மீமாகப் பார்க்கும்போது ஒன்றைத் தவறவிடுகிறோம். கோடு கிழிக்கச் சொல்லி அம்மையப்பன் கூப்பிடுவது கோதாவரியை. சண்டை போடுவது அப்பாவும் மகனும், கணக்குக் கேட்பதும் கொடுப்பதும் அவர்கள்தான். வீட்டைப் பிரிக்கும் உடல் வேலை மட்டும் அவளுக்கு. கமலா காமேஷ் அந்தப் பாத்திரத்தை எவ்வளவு அடக்கமாகச் செய்திருக்கிறார் என்றால், அவர் அங்கே இருப்பதையே நாம் மறந்துவிடுகிறோம். நல்ல நடிப்பு, ஆனால் அந்த மறதியில்தான் படமே நிற்கிறது.

விசு நாடக மேடையிலிருந்து வந்தவர். அவருடைய வீடுகள் மேடைகள்தான். எல்லோரும் கூடத்துக்கு வந்துதான் பேசுவார்கள், அங்கேதான் வாக்குவாதம், அங்கேதான் தீர்ப்பு. அடுக்களை உள்ளே இருக்கிறது. கோதாவரி உள்ளேயிருந்து வருவாள், கையைத் துடைத்துக்கொண்டு நிற்பாள், திரும்ப உள்ளே போவாள். கூடத்தில் நடப்பது குடும்பம் என்றால் உள்ளே நடப்பது என்ன? மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு குடித்தனத்துக்கு வரையறை ஒன்று உண்டு: வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, பொதுவான ஒரே சமையலறையில் சாப்பிடுகிறவர்கள். அரசாங்கம் கூரையைப் பார்ப்பதோடு நிற்பதில்லை, அடுப்பையும் பார்க்கிறது. நம் ஊர்ப் பேச்சிலும் அப்படித்தானே? “அவங்க தனியாப் பொங்கிச் சாப்பிடறாங்க” என்றால் பிரிந்துவிட்டார்கள் என்று அர்த்தம், ஒரே வாசல் வழியாகப் போய்வந்தாலும். அந்தக் கணக்குப்படி பார்த்தால் குடும்பத்தின் நடுப்புள்ளி கோதாவரி நிற்கும் இடம். கேமரா அங்கே போய் உட்காருவதில்லை.

கடைசிக் காட்சிக்கு வருவோம். எல்லாம் சரியாகி, மகனும் அப்பாவும் ராசியாகி, வழக்கமான படமென்றால் குடும்ப போட்டோ எடுத்து முடித்துவிடுவார்கள். அங்கே உமா மறுக்கிறாள். இப்போது சேர்ந்தால் மறுபடி விரிசல் வரும், தள்ளி இருந்து விடுமுறையில் வந்து பார்த்துக்கொண்டால் அன்பாவது மிஞ்சும் என்கிறாள். லட்சுமி அதைச் சத்தம் போடாமல் சொல்வதில்தான் அதன் பலம். 1986இல் குடும்பப் படம் பார்க்க வந்த கூட்டத்துக்கு முன்னால் ஒரு மருமகள் இப்படிச் சொல்லி, படமும் அவள் பக்கம் நின்றது சாதாரண விஷயம் இல்லை. நான் அன்றைக்குக் கைதட்டியது தப்பில்லை.

ஆனால் உமாவின் தீர்வு எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். அந்தப் பக்கம் இரண்டு பேர் இருக்கிறார்கள், இருவருக்கும் கை கால் நடமாட்டம் இருக்கிறது, வீடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனால் சாப்பாடு இருக்கும். அந்தச் சாப்பாட்டைச் சமைப்பது யார்? படம் முடிந்து பத்து வருடத்தில் அம்மையப்பன் இல்லாமல் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு அந்த வாராந்திர ஏற்பாடு என்னவாகும்? கோதாவரி எங்கே இருப்பாள்? சிதம்பரம் வீட்டிலா, இரண்டாவது மகனிடமா, இல்லை மகள் சரோஜினி வீட்டிலா? அவளுக்கு எங்கே இருக்க ஆசை? பிரிவதா சேர்வதா என்று இரண்டரை மணி நேரம் பேசும் படம் இந்தக் கேள்வியை ஒரு முறைகூடக் கேட்பதில்லை. அம்மா பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டது இதைத்தான்.

*

இரண்டு வருடம் கழித்து வந்த ‘வீடு’ படத்தில் ஒரு விசித்திரமான குடித்தனம் இருக்கிறது. விசித்திரம் என்று அப்போது யாரும் எழுதியதாகத் தெரியவில்லை, அவ்வளவு இயல்பாக இருக்கும். வேலைக்குப் போகும் சுதா, படிக்கும் தங்கை இந்து, தாத்தா முருகேசன். மூன்று பேர், மூன்று தலைமுறை மாதிரி மூன்று வயது. நடுவில் இருக்க வேண்டிய தம்பதி இல்லை. தமிழ் சினிமாவில் வீடு என்றால் ஒரு கணவனும் மனைவியும், அவர்களைச் சுற்றி மற்றவர்கள். இங்கே அந்த அச்சே இல்லை, சக்கரம் ஓடுகிறது.

வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார். வாடகை வீடு தேடி அலைந்து, கடைசியில் சொந்தமாகக் கட்டிவிடலாம் என்று இறங்குகிறார்கள். மனை, கடன், சிமெண்ட், ஏமாற்றும் கான்ட்ராக்டர். சுதாவுக்குக் கோபி என்ற காதலன் இருக்கிறான், உதவியும் செய்கிறான். ஆனால் கட்டுவது அவளுடைய வீடு, அவள் சம்பளத்தில், அவள் பெயரில் கடன். ‘கல்யாணம் ஆகட்டும், அப்புறம் வீடு’ என்ற நம் வரிசையைப் படம் அலட்டிக்கொள்ளாமல் மாற்றிப் போடுகிறது. கல்யாணமாகாத பெண் ஒரு குடித்தனத்தின் தலைவியாக இருக்கிறாள், பெரியவர் அவளுடைய பொறுப்பில் இருக்கிறார், இது யாருக்கும் பிரச்சினை இல்லை. இன்றைக்கு அம்மாவைக் காட்டி வாடகைக்கு வீடு பிடித்த எனக்கு இந்தப் படம் பழைய படமாகவே தெரியவில்லை.

மட்டக்களப்புப் பக்கம் அமிர்தகழியில் தன் அம்மா வீடு கட்டப் பட்ட பாட்டின் நினைவிலிருந்து வந்த படம் இது என்று பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார். அதனால்தானோ என்னவோ, செங்கல்லும் தண்ணீரும் எண்ணப்படும் விதத்தில் ஒரு பெண்ணின் பதற்றம் இருக்கிறது. அர்ச்சனாவுக்கு இந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. ஆனால் எனக்கு மறக்காத காட்சி சொக்கலிங்க பாகவதருடையது. பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாகக் கிளம்பி வருகிறார். சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். திரும்பும் வழியில் இறந்துவிடுகிறார். அவர் பார்த்தது தான் இருக்கப்போகும் அறையை. கோதாவரிக்குக் கிடைக்காத ஒன்று அவருக்கு அரை மணி நேரமாவது கிடைத்தது என்று இப்போது தோன்றுகிறது.

படம் சுதாவுக்கு வீட்டைக் கொடுப்பதில்லை. கட்டிக்கொண்டிருக்கும்போதே, அந்த நிலம் குடிநீர் வாரியத்துக்கானது என்று வந்து நிற்கிறார்கள். அந்த முடிவை அரசு இயந்திரத்தின் மீதான விமர்சனம் என்றே எல்லோரும் வாசித்தார்கள், சரிதான். கூடவே இதையும் சேர்த்துக்கொள்ளலாம்: தம்பதி இல்லாத அந்தக் குடித்தனம் வாழ்ந்து பார்ப்பதற்கு முன்னாலேயே படம் முடிந்துவிடுகிறது. அக்காவும் தங்கையும் அந்த வீட்டில் பத்து வருடம் எப்படி இருந்திருப்பார்கள் என்பதைக் காட்டும் படம் இன்னும் வரவில்லை.

*

‘சந்தியா ராக’த்தில் அதே பாகவதர். எண்பதை ஒட்டிய வயது. கிராமத்தில் மனைவி இறந்துவிட, சென்னையில் தம்பி மகன் குடும்பத்தோடு இருக்க வருகிறார். அர்ச்சனா இங்கே துளசி, அந்த வீட்டு மருமகள். சின்ன வீடு, சின்னச் சம்பளம், ஒரு பெண் குழந்தை, வயிற்றில் இன்னொன்று. துளசி கெட்டவள் இல்லை. கெட்டவள் மாதிரி பேச வேண்டி வருகிறது. மாதக் கடைசியில் ஒரு ஆள் கூடுதல் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு அவளைத் திட்ட வாய் வராது. இந்த நியாயம்தான் பாலு மகேந்திராவின் பெரிய குணம் என்று நினைக்கிறேன். முதியோர் இல்லம் என்றாலே பிள்ளைகளைக் கூண்டில் ஏற்றும் நம் வழக்கத்திலிருந்து இந்தப் படம் விலகி நிற்கிறது. பெரியவர் அங்கே போய்ச் சேர்வதற்குக் காரணம் மனசு சின்னதாக இருப்பது மட்டுமல்ல, வீடும் சின்னது.

தமிழில் ‘ஒண்டுக்குடித்தனம்’ என்று ஒரு வார்த்தை உண்டு. ஒண்டுவது என்றால் மழைக்கு ஒதுங்குவது மாதிரி, ஓரமாக, உடம்பைக் குறுக்கிக்கொண்டு இருப்பது. அந்தப் பெரியவரின் நடையிலும் உட்காரும் விதத்திலும் இந்த வார்த்தை இருக்கிறது. யார் பாதையிலும் இல்லாமல் இருக்கப் பார்க்கிறார், அப்படியும் தட்டுப்படுகிறார்.

இதே கதையில் அவருக்குப் பதிலாக ஒரு கிழவியை வைத்து யோசித்துப் பாருங்கள். கணவன் இறந்து, கிராமத்திலிருந்து கொழுந்தன் மகன் வீட்டுக்கு வருகிறாள். மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள். என்ன நடக்கும்? முதல் நாளே அடுப்படியில் நிற்பாள். குழந்தையைக் குளிப்பாட்டுவாள், அரிசி களைவாள், பிரசவம் பார்க்க ஆள் வந்தாச்சு என்று எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கும். அவள் ஒண்டவே வேண்டியதில்லை, வேலை செய்தால் போதும். அவளை இல்லத்துக்கு அனுப்பும் பேச்சு அந்த வருடம் எழாது. அவள் கைக்கு வலு இருக்கும் வரை எழாது.

‘சந்தியா ராக’த்தின் துயரம் ஓர் ஆணுக்கு மட்டுமே அந்த வடிவில் வரக்கூடியது. வேலை செய்யத் தெரியாத, அதனால் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்கிற ஆள் என்பதுதான் அங்கே அவர் நிலை. படம் அதை நேர்மையாகச் சொல்கிறது, அதனால் அதன்மேல் எனக்குக் குறையில்லை. குறை, அதை நாம் ‘முதுமை’ பற்றிய பொதுவான படமாக எடுத்துக்கொண்டதில் இருக்கிறது. வயதான பெண் எங்கே இருப்பது என்ற கேள்வி நம் படங்களில் அதிகம் வராததற்கு, அவள் எங்கேயும் பயன்படுவாள் என்ற நம்பிக்கை ஒரு காரணம். அடுப்பு எங்கே போனால் அவளும் அங்கே.

*

‘சந்தியா ராகம்’ வந்த 1989இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டத் திருத்தமும் வந்தது. இந்து வாரிசுரிமையில், பூர்வீகச் சொத்தில் மகன்களைப் போலவே மகள்களுக்கும் பங்கு. அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்னால் கல்யாணம் ஆகிவிட்ட பெண்களுக்குக் கிடையாது என்ற வரம்போடு. நாடு முழுக்க அப்படியொரு திருத்தம் வர 2005 ஆனது. 2007இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது, கவனிக்காத பிள்ளைகளிடம் பெற்றோர் மாதப் பணம் கேட்கத் தீர்ப்பாயம் வந்தது. அந்தச் சட்டத்தில் ‘பிள்ளைகள்’ என்பதில் மகனும் உண்டு, மகளும் உண்டு.

ஆக சட்டப்படி மகளுக்குப் பங்கும் உண்டு, பொறுப்பும் உண்டு. ஆனால் “பொண்ணு வீட்ல போய் உக்காரறதா?” என்ற ஒற்றை வரி எந்தச் சட்டத்தையும்விடப் பலமாக இருக்கிறது. கோதாவரிக்கு சரோஜினி என்றொரு மகள் இருக்கிறாள் என்பது நம் யாருக்கும் ஒரு தீர்வாகத் தோன்றாததற்குக் காரணம் இந்த வரிதான். மேலே நான் அந்தப் பெயரை எழுதியபோது உங்களுக்கே கொஞ்சம் இடறியிருக்கும். மகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் சம்பந்தி வீடு, ஆகாமல் இருந்தால் அது வீடே இல்லை. அம்மா என் வீட்டுக்கு வருவதை ஊரில் கேட்பவர்களிடம் “அவளுக்குத் துணைக்குப் போறேன்” என்றுதான் சொல்கிறாள். ஒருநாளும் “அவளோட இருக்கேன்” என்று சொன்னதில்லை.

என்னையும் விடக் கூடாது. உமாவுக்குக் கைதட்டிய நான், காலையில் ஆறரைக்கு எழுந்திருக்கும்போது டிகாக்‌ஷன் இறங்கியிருக்கும். டிபன் பாக்ஸ் மூடியிருக்கும். “ஏம்மா, நான் பண்ணிக்க மாட்டேனா?” என்று கேட்பேன், கேட்டுக்கொண்டே டப்பாவைப் பையில் வைப்பேன். பெங்களூரிலும் இதுதான் நடக்கிறது. அண்ணிக்கு ஷிஃப்ட், அண்ணனுக்கு ட்ராஃபிக். இரண்டு வீட்டிலும் அம்மாவை நாங்கள் நன்றாக வைத்திருக்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். கோட்டை வீட்டுக்குள் போடாமல் பெங்களூருக்கும் சென்னைக்கும் நடுவில் போட்டிருக்கிறோம், அவ்வளவுதான். அதன்மேல் அம்மா பெட்டியை இழுத்துக்கொண்டு போய்வருகிறாள்.

*

அன்று படம் முடிந்த பிறகு கேட்டேன். மூன்று வருடத்தில் முதல் தடவை. “உனக்கு எங்கம்மா இருக்கணும்னு இருக்கு?”

அவள் உடனே பதில் சொல்லவில்லை. பட்டாணித் தோலையெல்லாம் பேப்பரில் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு வந்தாள். “கும்பகோணத்துலதான். உங்கப்பா இருந்தப்போ அந்த வீட்ல எனக்குன்னு ஒண்ணும் பண்ணிக்கிட்டதில்ல. ஒரு வேளை மட்டும் சமைச்சு, ரெண்டு வேளை வச்சுச் சாப்பிட்டு, சாயங்காலம் கோயிலுக்குப் போயிட்டு வந்து, டிவி பாத்துட்டுத் தூங்கணும்.”

“தனியாவா? உடம்புக்கு ஏதாவது வந்தா?”

“இங்க மட்டும்? நீ ஒம்பது மணிக்குப் போனா எட்டு மணிக்கு வர.”

அண்ணனிடம் போனில் சொன்னேன். அவனுக்குக் கோபம். ஊர் என்ன சொல்லும், ரெண்டு பிள்ளை இருந்தும் தனியா விட்டுட்டாங்கன்னு சொல்ல மாட்டாங்களா என்றான். அவன் பயம் பொய்யில்லை. எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. போதாததற்கு வீட்டுக்காரரின் நிபந்தனை வேறு. அம்மா ஊருக்குப் போய்விட்டால், அவள் முகத்தைப் பார்த்துக் கொடுத்த வீட்டில் நான் எத்தனை நாள் இருக்க முடியும் என்பது தெரியாது. என் தனி வாழ்க்கை அவள் கூட இருக்கிறாள் என்ற பொய்யில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவளுடைய தனி வாழ்க்கைக்கு அப்படிப்பட்ட ஒரு பொய்கூட இல்லை.

மூன்று படங்களும் முக்கியமானவை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஒருவர் கணக்குக் கேட்கும் உரிமையைப் பற்றி, ஒருவர் கட்டிக்கொள்ளும் உரிமையைப் பற்றி, ஒருவர் ஓரமாகவாவது இருக்கும் உரிமையைப் பற்றி எடுத்தவை. விலகி இருக்கும் உரிமையை உமாவுக்குக் கொடுத்த படம் அதைக் கோதாவரிக்கும் கொடுத்திருக்கலாம். அறுபது வயதுக்கு மேல் ஒரு பெண் ‘எனக்குத் தனிக்குடித்தனம் வேண்டும்’ என்று கேட்கும் காட்சி வந்தால், அரங்கத்தில் சிரிப்பார்களா, அழுவார்களா, திட்டுவார்களா? எனக்குப் பார்க்க ஆசை.

வருகிற வாரம் கும்பகோணம் போகிறோம். அண்ணனும் வருகிறான், முறைத்துக்கொண்டு. மோட்டாரை ரிப்பேர் பண்ண வேண்டும், பின்கதவுக்குத் தாழ்ப்பாள் மாற்ற வேண்டும், பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவி கொடுத்து வைக்க வேண்டும். அம்மா நேற்று ஒரு லிஸ்ட் எழுதினாள். முதல் வரியில் ‘சின்ன குக்கர் - 2 லிட்டர்’ என்று இருக்கிறது.